இறங்கும்போதுதான் வலிக்கும்

சுண்டுவின் பயணப் பையை அத்தை மூன்றாவது முறையாகத் தரையில் கொட்டிவிட்டு, மறுபடி அடுக்க உட்கார்ந்தாள்.

"அக்கா, கார் வர இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு" என்றான் அவள் தம்பி, சுண்டுவின் அப்பா, கதவருகே நின்றபடி.

"இருக்கட்டும். எது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியணும்ல? ஆகாசத்துல போய் நின்னுக்கிட்டு, 'அக்கா, துடைக்கிற துணி எங்க'ன்னு என்கிட்டயா கேப்பே?"

கேட்டுத்தான் பழக்கம். பதினோரு மாதமாக அந்த வீட்டில் சுண்டுவின் சட்டை, மருந்து, தூக்கம் எல்லாமே அத்தையின் கையில்தான் இருந்தன. சுண்டுவின் அம்மா நர்ஸ். பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆனபோது வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்துப் போனாள். ஆறே மாதத்தில் இருவரையும் அழைத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. ஒரு காகிதம் சரியானால் இன்னொன்று காலாவதியானது. அதைப் புதுப்பித்தால் முதல் காகிதத்தில் புகைப்படம் சரியில்லை என்றார்கள். விசா கைக்கு வருவதற்குள் சுண்டு தவழ்ந்து, நின்று, நடந்து, ஓடவே ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். காலையில் ஏழு மணிக்குப் போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. எங்காவது ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டால், அவன் சாப்பாடும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே பிள்ளையை வளர்த்தது அத்தைதான். தனியாள். ஒரு கம்பெனிக்கு மெத்தை உறை தைத்துக் கொடுப்பது அவள் வேலை. மெஷின் ஓடினால் சுண்டு தூங்குவாள். நின்றால் விழித்துக்கொள்வாள்.

"இங்க பாரு." அத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். "பால் இதுல. தண்ணி குடிக்கிற கப் பக்கத்துப் பாக்கெட்ல. ரெண்டையும் பைக்குள்ள புதைச்சு வைக்காத, கைக்கு எட்டுற மாதிரி வை. நர்சம்மா அனுப்பின வாய்ஸை எத்தனை தடவை கேட்டே?"

"ரெண்டு தடவை."

"நான் ஏழு தடவை கேட்டேன். பிளேன் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளை எதையாவது உறிஞ்சிக்கிட்டே இருக்கணும். படுக்க வச்சுக் கொடுக்கக் கூடாது, நிமிர்ந்து உட்காரணும். இறங்கப்போறதா சொல்றதுக்கு முன்னாடியே எழுப்பிடணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அக்கா. நாப்பது மாடி லிஃப்ட்ல போனா எனக்கே காது அடைக்கும். எச்சிலை முழுங்கினா டப்புன்னு திறந்துக்கும். அதேதான் இது."

"நீ முழுங்குவே. அதுக்கு முழுங்கத் தெரியுமா?"

போன வாரம் சுண்டுவுக்குச் சளி. பயணமே நின்றுவிடுமோ என்று மூவரும் பயந்தார்கள். முந்தாநாள் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, உள்ளே நீர் கோக்கவில்லை, போகலாம் என்று சொன்ன பிறகுதான் பெட்டியையே திறந்தார்கள். அவர் அப்படிச் சொன்னபோது அத்தையின் முகத்தில் வந்து போனது நிம்மதியா, வேறு ஏதாவதா என்று தம்பி அப்போது கவனிக்கவில்லை.

பையின் ஜிப்பை மூடிவிட்டு அத்தை குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த விஷயத்தை அவகிட்ட சொல்லிட்டியா?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அவன் வாசலைப் பார்த்தான். கார் இன்னும் வரவில்லை.

சுண்டு பேசிய முதல் வார்த்தை 'அம்மா'. பதின்மூன்றாவது மாதத்தில் ஒருநாள், மெஷினுக்கு அடியில் நூல்கண்டோடு உட்கார்ந்திருந்தவள், அத்தையை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து அத்தைதான் அம்மா. தினமும் போனில் முகம் காட்டும் நிஜ அம்மாவுக்கு வேறு பெயர். அழைப்பு வந்ததும் எல்லோரும் முதலில் 'ஹலோ' என்பதால், சுண்டுவுக்கு அவள் 'அலோ'. பிள்ளை தனக்கு ஹலோ சொல்கிறது என்று நினைத்து, அங்கே அவள் பூரித்துப்போவாள்.

"ஒரு வாரமா 'அத்தை' சொல்லு, 'அத்தை' சொல்லுன்னு மண்டையை உடைச்சுக்கிறேன்" என்றாள் அத்தை. "நான் 'அத்தை'ங்கறேன். இது சிரிச்சுக்கிட்டே 'அம்மா'ங்குது. ரெண்டும் ஒண்ணுதானேங்கற மாதிரி."

"அங்க போய்ப் பழகிட்டா மறந்துடும் அக்கா."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அத்தை கீழே கிடந்த ஒரு சாக்ஸை எடுத்து, அதற்கு ஜோடி தேடினாள்.

"அதான் வேணும்" என்றாள். "கொஞ்ச நாளைக்கு நான் வீடியோவுல வரமாட்டேன். என் முகத்தைப் பார்த்தா அது பழகாது. உன்கிட்ட மட்டும் பேசுறேன். நீயும் அவகிட்ட எதையும் சொல்லிவைக்காத. பெத்தவ மனசு, தாங்காது."

கார் வந்தது. விமான நிலையத்துக்கு அத்தை வரவில்லை. நாளைக்குள் நாற்பது உறை தைத்துக் கொடுக்க வேண்டும் என்றாள். பின் சீட்டில் அப்பா மடியில் நின்றுகொண்டு சுண்டு இரண்டு கைகளையும் ஆட்டினாள். தெருமுனைக் கடைவரை போய்த் திரும்பி வரும்போதெல்லாம் அவள் ஆட்டுகிற அதே ஆட்டல்தான்.

கார் திரும்புவதற்குள் அத்தை உள்ளே போய்விட்டாள். மெஷினில் உட்கார்ந்தாள். துணி ஏதும் வைக்காமல், கால் தானாக மிதித்தது. தொட்டிலுக்கு ஓட்டுவது போல மெதுவாக, ஒரே சீராக. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஊசி வெறும் தகட்டில் குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

விமானம் ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. சுண்டு அப்பா மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பால் பாட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்து, கடமைபோல உறிஞ்சினாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை மெக்கானிக், புது லிஃப்டின் சோதனை ஓட்டத்தைப் பார்ப்பது போலக் கண்கொட்டாமல் பார்த்தான்.

"நல்ல அப்பா" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. மகன் வீட்டுக்குப் போகும் கலகலப்பான அம்மாள். "என் வீட்டுக்காரர் ஒரு நாள்கூடப் பிள்ளையை இப்படி வச்சுக்கிட்டதில்லை. இதோட அம்மா எங்கே?"

"அங்கதான் இருக்கா. நர்ஸ். பதினோரு மாசமாச்சு பார்த்து."

"அடக் கடவுளே" என்று அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து ஒரு மிட்டாய் எடுத்தாள். "இந்தா கண்ணு. வாயில போட்டுக்கோ, காது அடைக்காது."

மெக்கானிக் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தான். "தப்பா நினைக்காதீங்க. இது ரொம்பச் சின்னப் பிள்ளை. கட்டி மிட்டாய் தொண்டையில சிக்கிடும்னு அவ அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா."

"நர்ஸம்மா சொன்னா சரிதான்." அந்த அம்மாள் கோபிக்கவில்லை. மிட்டாயைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

நான்கு மணி நேரம் சுண்டு உட்காரவில்லை. நடைவழியில் ஓடினாள். எல்லோர் காலணியையும் தொட்டுப் பார்த்தாள். நடுநடுவே திரும்பி நின்று, எதையோ தேடுவதுபோல வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். தூக்கிவந்து உட்கார வைத்தான். மறுபடி இறங்கினாள்.

கடைசியில், அவன் எதிர்பார்க்காத நேரத்தில், அவன் மார்பில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

பதினோரு மாதத்தில் இதுதான் முதல் தடவை. வீட்டில் அத்தையும் மெஷினும் இல்லாமல் அவள் கண் மூடியதில்லை. எத்தனையோ நாள் அவன் தூக்கிவைத்துத் தட்டிக்கொடுத்துப் பார்த்து, தோற்றுப்போய், அக்காவிடமே கொடுத்திருக்கிறான். பிறகு தனியாகப் போய் படுத்துக்கொள்வான். மனைவி அங்கே, பிள்ளை அடுத்த அறையில். சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருப்பவன் போல.

இப்போது அந்தச் சின்னத் தலை அவன் சட்டைப் பொத்தானில் அழுந்திக் கிடந்தது. மூச்சு அவன் கழுத்தில் பட்டது.

விமானம் இறங்கத் தொடங்கப்போவதாக அறிவிப்பு வந்தது.

மனைவி அனுப்பிய குரல் அவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. 'தூங்கினா எழுப்பிடுங்க, பாவம் பார்க்காதீங்க. தூக்கத்துல அதிகம் முழுங்க மாட்டா. ஏறும்போதுகூடப் பரவாயில்லை. இறங்கும்போதுதான் வலிக்கும்.'

பத்து நிமிஷம், என்று நினைத்தான். பத்தே நிமிஷம் இப்படி இருந்துவிட்டு எழுப்பலாம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் அவனும் கண்ணயர்ந்துவிட்டான்.

கூச்சல் கேட்டு விழித்தபோது சுண்டு வில்லாக வளைந்து துடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் காதுகளைப் பிய்த்தன. முகம் சிவந்து, கண்ணும் மூக்கும் ஒன்றாக ஒழுகின.

"அம்மா! அம்மா! அம்மா!"

அவன் கப்பை எடுக்கப் போனான். சுண்டுவின் கால் பட்டு அது கீழே விழுந்து, முன் சீட்டுகளுக்கு அடியில் உருண்டு ஓடிவிட்டது. பால் பாட்டில் காலி. பெல்ட்டை அவிழ்த்து எழுந்திருக்க முடியாது. விமானம் சரிந்துகொண்டிருந்தது.

"தண்ணி! கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

பணிப்பெண் தன் இருக்கைக்குப் போகிற அவசரத்திலும் ஒரு காகிதக் கப்பில் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் கொடுத்துவிட்டுப் போனாள். சுண்டு கப்பைத் தட்டிவிட்டாள். பாதித் தண்ணீர் அவன் மடியில்.

"அம்மா! அம்மா!"

"இதோ அம்மாகிட்டதான் போறோம் கண்ணு" என்றாள் பக்கத்து அம்மாள், அவளும் கலங்கிப்போய். "அம்மா கீழ காத்துக்கிட்டிருக்காங்க."

மெக்கானிக் எத்தனையோ பேரை நின்றுபோன லிஃப்டிலிருந்து இறக்கியிருக்கிறான். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்தினால் முதலில் என்ன செய்வான்? தன் குரலை அடக்கிக்கொள்வான். இப்போதும் அதைத்தான் செய்தான். பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தான். அவள் முகத்துக்கு நேராகத் தன் வாயை ஆவென்று திறந்து, நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். கொட்டாவி விட்டாலும் அடைத்த காது திறக்கும்.

சுண்டு அழுதபடியே பார்த்தாள்.

இன்னொரு கொட்டாவி. பக்கத்து அம்மாள் புரிந்துகொண்டு அவளும் விட்டாள். அவள் விட்டதைப் பார்த்து நடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்த கோட்டுக்காரருக்கு நிஜமாகவே வந்துவிட்டது. முன் வரிசையில் எட்டிப் பார்த்த இரண்டு பெண்களுக்கும் தொற்றியது. ஒரு நிமிஷத்தில் அந்தப் பகுதியே வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

சுண்டுவின் அழுகை ஒரு கணம் தடுமாறியது. அந்த ஒரு கணம் போதும். அவன் ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, மேல் ஓட்டையை விரலால் அடைத்து, உள்ளே நின்ற கொஞ்சத் தண்ணீரை அவள் உதட்டுக்குள் விட்டான். விழுங்கினாள். மறுபடி ஒரு ஸ்ட்ரா. மறுபடி. ஐந்தாவதுக்கு அவளே வாயைத் திறந்தாள். எட்டாவதுக்கு வலக்கை காதை விட்டு இறங்கியது.

இடது காதை மட்டும் விடவில்லை. சக்கரம் தரையைத் தொட்டபோதும் அதைப் பிடித்துக்கொண்டே விம்மிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றாள், இம்முறை கத்தாமல், கேட்பது போல.

"மன்னிச்சுடு சுண்டு" என்றான் அவள் உச்சந்தலையில் வாயை வைத்து. "அப்பாதான் தூங்கிட்டேன்."

வெளியே வரும் வழியில், கம்பித் தடுப்பைப் பிடித்தபடி நர்ஸ் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். விமானம் மதியத்துக்கு மேல்தான் என்று தெரியும். அறையில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கையில் பிள்ளைக்கு வாங்கிய கவுன். போனில் பார்த்த உருவத்தை மனதில் வைத்து வாங்கியது.

அவர்கள் வந்தார்கள். நர்ஸ் ஓடினாள். ஓடியவள் ஓர் அடி தூரத்தில் நின்றுவிட்டாள். பிள்ளை இவ்வளவு நீளமா? கால்கள் அப்பாவின் இடுப்புக்குக் கீழே தொங்கின. கையிலிருந்த கவுன் ஒரு பொம்மைக்குத்தான் பொருந்தும்.

"காது எப்படி இருக்கு?" என்றுதான் அவளுக்குக் கேட்க வந்தது. எத்தனையோ வார்த்தை சேர்த்துவைத்திருந்தாள். "ஏன் காதைப் பிடிச்சுக்கிட்டிருக்கா?"

"இறங்கும்போது ரொம்ப அழுதுட்டா. நான் எழுப்பத் தவறிட்டேன். என் தப்புதான்."

"சரி விடுங்க. சுண்டு... சுண்டும்மா... இங்க பாரு. யாரு வந்திருக்கா?"

சுண்டு அப்பாவின் தோளிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தாள். தெரிந்த முகம்தான். ஆனால் எப்போதும் உள்ளங்கை அளவில் இருக்கும் முகம்.

"அலோ" என்றாள் சந்தேகமாக.

"ஹலோ! ஹலோ என் கண்ணு!" நர்ஸ் சிரித்துக்கொண்டே அழுதாள். கைகளை நீட்டினாள். சுண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்து சீட்டு அம்மாள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும்?

"நீங்கதான் அம்மாவா? குடுத்துவச்சவங்க! என்னா கூப்பிடு கூப்பிட்டுச்சு தெரியுமா? காது வலியில 'அம்மா அம்மா'ன்னு உயிரை விட்டுடுச்சு. அப்பா தண்ணி குடுத்தாலும் அம்மா, நான் தடவிக்குடுத்தாலும் அம்மா. பெத்தவளை யாராலயும் மறக்கடிக்க முடியாதும்மா."

அந்த அம்மாள் சுண்டுவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாள். நர்ஸ் புருஷனைப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்தது கல்யாணமான புதிதில்.

"கூப்பிட்டாளா? என்னையா?"

மெக்கானிக் சுண்டுவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"ம்" என்றான்.

நர்ஸின் அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது.

"லிஃப்ட் இல்லாத வீட்டுல லிஃப்ட் மெக்கானிக்கைக் குடிவைக்கிறே" என்றான் அவன், இரண்டு பெட்டிகளோடு மூச்சுவாங்க.

"ரிப்பேரே வராதுல்ல" என்று அவள் சிரித்தாள். படி முழுவதும் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க அவனுக்குப் பெட்டி கனத்தது.

ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலை ஒட்டிக் குட்டி அடுப்பு. சுவர் முழுக்கச் சுண்டு: போனிலிருந்து எடுத்து அச்சிட்ட படங்கள். பல் முளைத்தது, முதன்முதலில் நின்றது, சோப்பு நுரையோடு சிரித்தது. படங்களின் ஓரத்தில், பிள்ளையைப் பிடித்திருக்கும் கை ஒன்று மட்டும் தெரிந்தது. சுண்டு அறையைச் சுற்றி நடந்தாள். ஒரு படத்தின் ஓரத்தை விரலால் தொட்டாள். அப்புறம் இடது காதை இழுத்துக்கொண்டு சிணுங்கினாள்.

நர்ஸ் கை கழுவிவிட்டு வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காதின் வெளிப்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கை. அதில் நடுக்கம் இல்லை.

"காய்ச்சல் இல்லை. காதுல எதுவும் ஒழுகலை. அடைப்பு இன்னும் விடலை, அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருந்தா தானா விட்டுடும். நாளைக்கும் வலிச்சா டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

ஒரு டம்ளரில் வெதுவெதுப்பாகப் பாலை ஊற்றி, பிள்ளை முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா கையில குடி. ஒரே ஒரு வாய்."

சுண்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அம்மாவுக்காக?"

சுண்டு நகர்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் டம்ளரைக் கீழே வைத்தாள். "புது இடம். அதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். "வழியில அவ்வளவு கூப்பிட்டிருக்காளே."

மேஜையில் அவன் போன் அடித்தது. அவன் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். எழுந்து வருவதற்குள் நர்ஸ் எடுத்துவிட்டாள்.

"அண்ணி! நான்தான். வந்து சேர்ந்துட்டாங்க!" சந்தோஷத்தில் ஒலிபெருக்கியை அழுத்தினாள். "எல்லாரும் கேக்குறோம், பேசுங்க!"

அந்தப் பக்கம் அத்தையின் குரல், தணிந்து, அவசரமாக:

"தம்பி இல்லையா? சரிம்மா... பிள்ளைக்குக் காது வலிச்சுதா?"

கட்டில் காலைப் பிடித்திருந்த சுண்டு நிமிர்ந்தாள்.

"அம்மா!"

நர்ஸ் சட்டென்று திரும்பினாள். பிள்ளை கைகளை நீட்டிக்கொண்டு ஓடி வந்தது. அவளும் முழங்காலிட்டுக் கைகளை விரித்தாள். சுண்டு அந்தக் கைகளுக்குள் வந்தாள், நிற்கவில்லை, அவள் தோளைப் பிடித்து ஏறி, விரித்த கையில் இருந்த போனை எட்டிப் பிடித்தாள். இரண்டு கையாலும் அதை முகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

"அம்மா! அம்மா! அம்மா வா!"

போனில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. அவ்வளவுதான். இணைப்பு அறுந்தது.

சுண்டு போனைப் புரட்டினாள். பின்பக்கம் பார்த்தாள். கருத்துப்போன திரையைத் தட்டினாள். "அம்மா?" என்றாள். பிறகு, விமானத்தில் அழுததைவிடப் பெரிதாக அழ ஆரம்பித்தாள்.

நர்ஸ் முழங்காலிட்டபடியே இருந்தாள். விரித்த கைகளை எப்போது கீழே போட்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எப்பலேருந்து?" என்றாள், புருஷனைப் பார்க்காமல்.

"பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து."

"பிளேன்ல கூப்பிட்டது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியின் மூடியைச் சாத்தினான். 

"அக்கா வேணும்னு சொல்லிக்கொடுக்கலை" என்றான். "மாத்தணும்னு எவ்வளவோ பார்த்தா. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வீடியோவுலகூட வரமாட்டேன்னுட்டா."

"நான் நைட் டியூட்டிக்கு நடுவுல வெளிய வந்து, படிக்கட்டுல நின்னு பேசுவேங்க" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது. "அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும். 'அலோ'ன்னு சொல்லுவா. அதை வச்சுக்கிட்டு மிச்ச ராத்திரியை ஓட்டிடுவேன்."

சுவரில் இருந்த படங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் இருந்த அந்தக் கையை இப்போதுதான் முதன்முறையாகக் கவனிப்பவள் போலப் பார்த்தாள். நகத்தை ஒட்டி நறுக்கிய, ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய தழும்புகள் உள்ள கை.

எழுந்து போய் முகம் கழுவினாள். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்து போனை எடுத்து, அண்ணியின் எண்ணை அழுத்தினாள். அணைத்துவைக்கப்பட்டிருப்பதாகக் குரல் சொன்னது. மறுபடி அழுத்தினாள். அதே குரல்.

சுண்டு அழுது களைத்துத் தரையில் உட்கார்ந்து, இடது காதை இழுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அவளுக்கு எதிரே, தொடாத தூரத்தில் உட்கார்ந்தாள். பால் டம்ளரை எடுத்தாள்.

"சுண்டு, இங்க பாரு" என்றாள். அடுத்ததைச் சொல்வதற்கு முன் ஒரு முறை எச்சிலை விழுங்கிக்கொண்டாள். "அம்மா வீட்டுல இருக்காங்க. வேலையா இருக்காங்க. நாளைக்குப் பேசுவாங்க."

சுண்டு விம்மலை நிறுத்தினாள்.

"அம்மா?"

"ஆமா. அம்மா பேசுவாங்க. அதுக்குள்ள நாம இதைக் குடிச்சு முடிச்சிடலாமா? காது வலிக்காம இருந்தாதானே அம்மா பேசுறது கேக்கும்?"

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுண்டு யோசித்தாள். நகர்ந்து வந்தாள். டம்ளரைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தாள். அதைப் பிடித்திருந்த கையைத் தள்ளிவிடவில்லை. ஒரு வாய். இன்னொரு வாய். நர்ஸ் பிள்ளையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் பால் போனதும், சுண்டு திடுக்கிட்டதுபோலத் தலையை ஒருபுறம் சாய்த்தாள். இடது காதிலிருந்து கை இறங்கியது.

"திறந்துடுச்சு" என்றாள் நர்ஸ், மெல்ல.

"நாளைக்கும் அக்கா போனை எடுக்கலைன்னா?" என்றான் அவன், திரும்பாமலே.

அவள் ஒரு கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் அந்த எண்ணை மறுபடி அழுத்தினாள்.